திஸ்னித் வெள்ளி: ஒரு ஜோடி தோள் ஊக்கு

மொராக்கோவில் வெள்ளி வாங்க மரகேஷில் அலையாதீர்கள், திஸ்னித் போங்கள் என்பது என் கட்சி. அகாதீரிலிருந்து தெற்கே சுமார் 90 கிலோமீட்டர். சுல்தான் முதலாம் ஹசன் 1880களில் எழுப்பிய மண்மதிலுக்குள் வெள்ளி நகைகளுக்கென்றே ஒரு கடைத்தெரு இருக்கிறது.

நான் வாங்கியது தஸெர்ஸித் ஜோடி. தைக்காத துணியை உடம்பில் சுற்றி உடுத்தும் அமாஸிக் (பெர்பர்) பெண்கள், முன்விளிம்பையும் பின்விளிம்பையும் தோளருகே சேர்த்து மாட்டுகிற முக்கோண ஊக்கு. மாட்டும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. துணியில் ஒரு மடிப்பை வளையத்துக்குள் இழுத்து, ஊசியைக் குத்தி, வளையத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். துணியின் இழுவையே பூட்டாகிவிடுகிறது. இரண்டு ஊக்குகளையும் ஒரு சங்கிலி இணைக்கிறது. நடுவில் முட்டை வடிவ உருண்டை, அதன்மேல் மெல்லிய கம்பி வேலை, இடையிடையே மஞ்சளும் பச்சையும் எனாமல். இந்தப் பக்கத்தில் முன்பு இந்த வேலையில் பேர்பெற்றவர்கள் யூத வெள்ளிக் கொல்லர்கள். கடந்த நூற்றாண்டின் நடுவில் அவர்களில் பெரும்பாலானோர் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள், தொழில் தங்கிவிட்டது.

கடைக்காரப் பெரியவர் தராசில் வைத்துக் காட்டி, 925 (92.5 சதவீத வெள்ளி) முத்திரையையும் காட்டிவிட்டுத்தான் விலை சொன்னார். 3,000 திர்ஹாமில் தொடங்கி 2,200-இல் முடிந்தது. அதில் பதித்திருந்த சிவப்புக் கல் பவளமா என்றேன். கண்ணாடி என்று பட்டென்று சொல்லிவிட்டார். பவளத்துக்குப் பேர்போனது அல்ஜீரியாவின் கபைல் அமாஸிக் மக்களின் வேலை. அங்கே நீல எனாமலும் பவளமும் சேர்ந்தே வரும். அதே தெருவில் இன்னொரு கடையில் வெள்ளியே கலக்காத ஜெர்மன் சில்வர் கொலுசைப் பாட்டி காலத்து வெள்ளி என்று என் தலையில் கட்டப் பார்த்தார்கள். நல்லவேளை, அங்கே தராசையே எடுக்கவில்லை, நான் கிளம்பிவிட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. பின்பக்கப் பற்றவைப்பு சொரசொரப்பாக இருக்கிறது, என் சால்வையில் இரண்டு இழை போச்சு. ஊசியும் தடிமன். கம்பளி, முரட்டுப் பருத்திக்குச் சரி, பட்டில் குத்திவிடாதீர்கள். கனமும் அதிகம், மெல்லிய துணியில் மாட்டினால் தொங்கிவிடும்.

நான் பார்த்த கடைகளில் கார்டு வாங்கவில்லை, திர்ஹாமாகவே கொண்டுபோங்கள். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள், பல கடைகள் பூட்டியிருக்கும்.