கிட்டாருக்கு எது பாதுகாப்பு: ஸ்டாண்டா, சுவரா, பெட்டியா?

முழுமரப் பலகையில் செய்த அகூஸ்டிக் கிட்டார் ஒன்று வீட்டுக்கு வந்தால், அடுத்த கேள்வி அதை எங்கே வைப்பது என்பதுதான். தரையில் நிறுத்தும் ஸ்டாண்டு, சுவர்க் கொக்கி, ஹார்டு கேஸ் எனப்படும் கெட்டிப் பெட்டி ஆகிய மூன்றையும் நான் புழங்கிப் பார்த்திருக்கிறேன். இப்போது என் கிட்டார் பெட்டியில் இருக்கிறது. என் ஓட்டும் பெட்டிக்குத்தான்.

ஸ்டாண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நினைத்தவுடன் எடுக்கலாம், வைக்கலாம். ஆனால் ஓடியாடும் குழந்தையோ நாயோ காலில் மாட்டும் ஒயரோ உள்ள அறையில் அதை நம்ப முடியாது. கிப்சன் லெஸ் பால் போல மஹோகனிக் கழுத்தும் பின்பக்கம் சாய்ந்த தலைப்பகுதியும் உள்ள கிட்டார் மல்லாந்து விழுந்தால், தலைப்பகுதி தொடங்கும் இடத்திலேயே முறிந்துவிடும் அபாயம் அதிகம். அங்கே மரத்தின் நார்கள் சாய்வோடு சேர்ந்து போகாமல் குறுக்கே வெட்டுப்பட்டு நிற்கின்றன. கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் ட்ரஸ் ராடு என்னும் உலோகத் தண்டைத் திருகுவதற்காக அதே இடத்தில் மரத்தைக் குடைந்தும் இருக்கிறார்கள். வாசிப்புக்கு நடுவே சற்று நேரம் நிறுத்தி வைக்க ஸ்டாண்டு போதும். இரவு முழுவதும் விட்டுவைக்க எனக்கு மனம் ஒப்பாது.

சுவர்க் கொக்கி அதைவிட எவ்வளவோ மேல். யார் காலிலும் இடறாது. கண்ணெதிரே தொங்கும் கிட்டாரைக் கை தானாக எடுக்கும். புதிதாகப் பழகுகிறவருக்கு இது பெரிய லாபம். தலையில் தொங்கினால் கழுத்து கெட்டுவிடுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். மெல்லிய ரக எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையுடன் இரவும் பகலும் இழுப்பதைத் தாங்கும் கழுத்துக்கு, ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ள உடல் ஒரு பொருட்டே அல்ல. வெயில் காயும் வெளிச்சுவரையும் ஏசி காற்று நேராக வீசும் இடத்தையும் தவிர்த்துவிட்டு, திருகு வெறும் பூச்சில் நிற்காதபடி மாட்டினால் போதும்.

ஸ்டாண்டு, கொக்கி இரண்டுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று உண்டு. நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் பூசிய கிட்டார் என்றால், தாங்கியில் சுற்றியுள்ள ரப்பரோ ஸ்பாஞ்சோ அந்தப் பூச்சுடன் வினைபுரியும். பூச்சு இளகி, ஒட்டி, அழியாத தழும்பு விழுந்துவிடும். பருத்தித் துணியைச் சுற்றிவிடுவது நல்லது. பாலியூரித்தேன், பாலியெஸ்டர் பூச்சுகளுக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் சமாளிக்கக்கூடியவை. என்னைப் பெட்டியின் பக்கம் கொண்டுவந்தது ஈரப்பதம்.

மரம் ஈரத்தை வாங்கும்போது நாரின் போக்கில் நீள்வது மிகச் சொற்பம்; குறுக்குவாட்டில்தான் விரியும். கிட்டாரின் மேற்பலகை 3 மில்லிமீட்டர் அளவே தடிமன் உள்ள மரம், பெரும்பாலும் ஸ்ப்ரூஸ். அதன் உட்புறத்தில் நாருக்குக் குறுக்காகச் சட்டங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஈரத்தில் பலகை அகலப் பார்க்கும், சட்டம் விடாது, ஆகவே மேல்நோக்கி உப்பும். வறட்சியில் சுருங்கப் பார்க்கும், அப்போதும் சட்டம் விடாது, பலகை உள்வாங்கும். இன்னும் வறண்டால் நாரின் வழியே விரிசல் ஓடும்.

இதை உங்கள் கிட்டாரிலேயே பார்க்கலாம். கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் என்ற கட்டைக்குப் பின்னால், மேற்பலகையின் குறுக்கே நேரான ஸ்கேல் ஒன்றை வையுங்கள். நடுவில் தொட்டுக்கொண்டு இரு ஓரங்களிலும் மெல்லிய இடைவெளி தெரிந்தால் நலம். இப்படியும் அப்படியும் நன்றாக ஆடினால் ஈரம் கூடுதல். ஸ்கேலுக்கு அடியில் நடுவே வெளிச்சம் தெரிந்தால் பலகை காய்ந்து உள்வாங்கியிருக்கிறது. அடுத்து, கழுத்தின் ஓரமாக விரலை மெல்ல ஓட்டிப் பாருங்கள். முன்பு வழவழப்பாக இருந்த இடத்தில் ஃப்ரெட் எனப்படும் உலோகக் குறுக்குக் கம்பிகளின் முனைகள் விரலைக் கீறினால், உலோகம் அப்படியே இருக்க, மரம் சுருங்கி உள்ளே போய்விட்டது என்று பொருள்.

முழுமரக் கிட்டாருக்குத் தயாரிப்பாளர்கள் பரவலாகச் சொல்லும் ஒப்பு ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். அறையின் காற்றை ஆண்டு முழுவதும் அந்த வரம்புக்குள் பிடித்து வைப்பது லேசான காரியமல்ல. மழைக்கு ஏறும், ஏசிக்கும் ஹீட்டருக்கும் இறங்கும், ஜன்னலைத் திறந்தால் மறுபடி மாறும். சுவரில் தொங்கும் கிட்டார் இந்த ஏற்ற இறக்கம் அத்தனையையும் உடம்பில் வாங்கிக்கொள்கிறது. பெட்டிக்குள் இருப்பதோ ஒரு பிடி காற்று. அதைக் கட்டுப்படுத்துவது எளிது.

அதற்கு நான் பயன்படுத்துவது இருவழி ஈரப்பத உறைகள். நீராவியை மட்டும் விடும் உறைக்குள் உப்புக் கரைசல் இருக்கும். காற்று வறண்டால் ஈரம் தரும், கூடினால் உறிஞ்சும். கிட்டாருக்கென வருபவை 49 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்கும். இரண்டு உறைகளை ஒலித்துளைக்குள் தொங்கவிட்டு, ஒன்றைத் தலைப்பகுதிக்கு அருகில் வைக்கிறேன். வறண்ட பருவத்தில் உறை விறைத்துக் கட்டியானால் மாற்ற வேண்டும். சிலிக்கா ஜெல் இதற்கு மாற்றாகாது; அது உறிஞ்ச மட்டுமே செய்யும். இந்த உறைகளின் செலவு தொடர்ந்து வரும், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆனால் பிளந்த பலகையை ஒட்டுவதற்கு ஆகும் செலவோடு பார்த்தால் இது கையிருப்பைக் கடிக்காது.

பெட்டிக்குள் சிறு ஈரப்பதமானி ஒன்றும் வையுங்கள். ஆனால் அது காட்டும் எண்ணைச் சோதிக்காமல் நம்ப வேண்டாம். பாட்டில் மூடியில் சமையல் உப்பை நிரப்பி, ஈரமணல் பதத்துக்கு மட்டும் நீர் விட்டு, மானியுடன் சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஒரு நாள் வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால், உங்கள் மானி 5 குறைத்துச் சொல்கிறது.

பெட்டிக்கும் விதிகள் உண்டு. நெட்டுக்குத்தாகச் சாய்த்து வைக்கக் கூடாது. மூடிய பெட்டி மல்லாந்து விழுந்தாலும் உள்ளே தலைப்பகுதி முறியக்கூடும். பக்கவாட்டில் கிடத்துங்கள். பரணிலும் வெயிலில் நிற்கும் காரிலும் வைத்தால் பிரிட்ஜைப் பிடித்திருக்கும் பசை வெப்பத்தில் இளகத் தொடங்கும். குளிரிலிருந்து கொண்டுவந்தால் சில மணி நேரம் திறக்காமல் விடுங்கள். சட்டென்ற வெப்ப மாற்றத்தில் பூச்சு நொறுங்கிக் கோடு விடும். அடைமழைக் காலத்தில் உறைகள் வேகமாகத் தெவிட்டிவிடுகின்றன. உள்ளே புழுங்கல் வாடை அடித்தால், வறண்ட நாளாகப் பார்த்துப் பெட்டியைத் திறந்து காற்றாட விடுகிறேன்.

துணிப்பை தூசியையும் கீறலையும் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. வெளியே தூக்கிச் செல்ல மட்டும் போதும்.

எலக்ட்ரிக் கிட்டார் என்றால் என் தீர்ப்பு மாறும். கெட்டியான மரக்கட்டை, முழுக்கப் பூச்சு, பாதிப்பதற்கு மெல்லிய பலகை ஏதுமில்லை. அதைத் தாராளமாகச் சுவரில் மாட்டலாம். ஒட்டுப்பலகை அகூஸ்டிக்குகளும் ஓரளவு தாங்கும். நைலான் கம்பிக் கிட்டாரை நான் நெடுங்காலம் வைத்திருந்ததில்லை; மேற்பலகை அங்கேயும் மெல்லிய முழுமரமாக இருந்தால் இதே கவனம் வேண்டும் என்றே நினைக்கிறேன். வீட்டில் பல கிட்டார்கள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் உறை வாங்குவதைவிட அறைக்கே ஈரமூட்டியும் ஈரநீக்கியும் வைப்பதுதான் கட்டுப்படியாகும்.

பெட்டிக்குள் போனால் வாசிப்பு குறையும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. கொண்டிகளைத் திறக்கச் சோம்பல் வரும். பெட்டியைக் கட்டிலடியில் தள்ளாமல், வாசிக்கும் நாற்காலிக்கு அருகிலேயே கிடத்தியதும் எனக்கு அந்தச் சோம்பல் பெருமளவு குறைந்தது. கிட்டாரை வெளியே எடுத்ததும் காலிப் பெட்டியை உடனே மூடிவிடுங்கள். திறந்தே கிடந்தால் உள்ளே இருக்கும் பஞ்சு மெத்தை அறையின் காற்றைக் குடித்துவிடும். திரும்ப வைக்கும்போது உறைகள் முதலிலிருந்து வேலை தொடங்க வேண்டியிருக்கும்.