பூம்பாறையில் நிலம் தேடும் வெளிநாட்டுத் தமிழர்களுக்கு: முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

கொள்ளுத்தாத்தா காலத்தில் பழனிப் பக்கத்திலிருந்து மலாயாவின் ரப்பர்த் தோட்டத்துக்குப் போன குடும்பம் எங்களுடையது. கிள்ளானில் பிறந்து வளர்ந்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின், மீதி நாட்களில் பாதியையாவது கொடைக்கானலை உள்ளடக்கிய பழனி மலைத்தொடரில் ஒரு சிறிய வீடு கட்டி வாழ வேண்டும் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். இருவரும் மலேசியக் குடிமக்கள், வெளிநாட்டுக் குடியுரிமை கொண்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கிறோம். எங்களுக்கு நேர்ந்ததை இங்கே விரிவாக எழுதுவதற்குக் காரணம், எங்களைப் போலவே ஊர் திரும்பும் ஆசையோடு வருகிறவர்களைக் குறிவைத்துத்தான் இந்த ஏமாற்று நடக்கிறது என்பதே.

கொடைக்கானலிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில், மலைச்சரிவில் அடுக்கடுக்காக வெட்டிய வயல்களுக்கு நடுவே இருக்கும் பழைய ஊர் பூம்பாறை. போகர் பிரதிட்டை செய்ததாக ஊரார் நம்பும் குழந்தை வேலப்பர் கோயில் அங்கே இருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் மண்ணும் அதுதான். அடுப்புப் புகை படும்படி கொத்துக் கொத்தாகப் பூண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு வீட்டு வாசலில் நின்று, அந்த வாசனையிலேயே என் மனைவி கண் கலங்கினாள். கூட வந்த தரகர் அதைக் கவனித்தார். அன்று மாலையே விலை பேச ஆரம்பித்துவிட்டார்.

ஊருக்குச் சற்று மேலே நாற்பது சென்ட் நிலம் காட்டினார். எங்கள் ஓ.சி.ஐ. அட்டைகளை வாங்கி இருபுறமும் படம் எடுத்துக்கொண்டு, "ஐயா, இந்த அட்டை இருந்தா போதும், நீங்க இந்தியக்காரங்க மாதிரிதான். பத்திரம் ஒரே வாரத்துல முடிஞ்சிடும்" என்றார். வேறு ஒருவர் வாங்க வந்துகொண்டிருப்பதாகச் சொல்லி அவசரப்படுத்தினார். மறுநாள் மூன்று லட்சம் ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தேன். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தமும், பட்டா என்று ஒரு நகலும் கைக்கு வந்தன.

இரண்டு நாள் கழித்து, தரகர் இல்லாமல் அந்த நிலத்தைப் பார்க்கப் போனோம். பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் நாங்கள் யார் என்று விசாரித்தார். விவரம் சொன்னதும் கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, இது அஞ்சு பேரு பங்கு நெலம். ரெண்டு பேரு திருப்பூர்ல இருக்காங்க. அவங்களக் கேக்காம யாரு ஒங்களுக்கு விக்கிறது?" என்று கேட்டார்.

விடுதிக்குத் திரும்பி அந்தப் பட்டா நகலை விளக்கின் அடியில் வைத்துப் பார்த்தேன். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் வரிசை எண் 1 மட்டும் இருந்தது. அதற்குக் கீழே தாள் மற்ற இடங்களைவிட வெளுத்திருந்தது. அந்த வெளுப்பின் ஓரத்தில், ஒரு துண்டுத்தாளை மேலே வைத்து நகல் எடுத்ததைக் காட்டும் மெல்லிய கோடு ஓடியது. அடியில் இருக்க வேண்டிய குறிப்பு எண்ணும் கியூ.ஆர். குறியும் வெட்டப்பட்டிருந்தன. அந்தச் சர்வே எண்ணைக் கொண்டு அரசின் இணையச் சேவையில் பட்டாவை எடுத்துப் பார்த்தபோது, அது ஐந்து பெயர்கள் கொண்ட கூட்டுப்பட்டாவாக இருந்தது. நிலத்தின் வகை புன்செய், அதாவது விவசாய நிலம். பத்து நிமிட வேலை இது. பணம் கொடுப்பதற்கு முன் நான் செய்திருக்க வேண்டிய வேலையும் இதுதான்.

ஆனால், ஐந்து பேரும் ஒன்றாக வந்து கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த நிலத்தை நாங்கள் வாங்கியிருக்க முடியாது என்பதைத் திண்டுக்கல் வழக்கறிஞர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். ஓ.சி.ஐ. அட்டை உள்ளவர் இந்தியாவில் வீடோ கடையோ விலைக்கு வாங்கலாம். விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை வாங்க அந்நியச் செலாவணி விதிகள் அனுமதிப்பதில்லை. பூம்பாறையைச் சுற்றி நமக்குக் காட்டப்படும் அழகான அடுக்கு நிலங்கள் பெரும்பாலும் விவசாய நிலங்களே. எங்கள் அட்டையைப் படம் எடுத்த முதல் நாளே தரகருக்கு இது தெரிந்திருந்தது. கேட்டபோது அவர் சிறிதும் தயங்காமல், "உங்க சொந்தக்காரங்க பேர்ல எழுதிக்கலாம் ஐயா, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார். பினாமிச் சட்டத்தின்படி அதற்கு ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. சொத்தும் அரசுக்குப் போய்விடும். பெயரைக் கொடுத்து உதவும் உறவினரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். பணம் போனதைவிட, என் ஒன்றுவிட்ட தங்கையின் குடும்பத்தை இதில் இழுத்துவிட அவர் துணிந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

வீடு கட்டும் அனுமதி தனிக் கதை. மலைப்பகுதி என்பதால் மனைப்பிரிவு போட வேண்டுமானால் வனம், சுரங்கம், வேளாண் பொறியியல் போன்ற துறைகளின் கருத்தும் தேவைப்படுகிறது. "ஊராட்சியில் சொல்லிக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அனுமதி பெறாத மனைப்பிரிவு என்றால் பத்திரப்பதிவே சிக்கலாகிவிடும்.

ஒப்பந்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது 2012 டிசம்பர் முதல் கட்டாயம். பதிவு செய்யாத இருபது ரூபாய்த் தாள் கையில் இருப்பதால் மட்டும் நிலம் நம்முடையதாகிவிடாது. முறைப்படி நமக்கு அனுமதி உள்ள வீட்டை வாங்கும்போதும், பணத்தை வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாகவோ வெளிநாட்டில் வாழ்வோருக்காக இந்திய வங்கிகளில் உள்ள என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. போன்ற நம்முடைய கணக்கிலிருந்தோதான் செலுத்த வேண்டும். ரொக்கமாகக் கேட்கிற தரகரிடம் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை. வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குப் பாருங்கள், தாய்ப்பத்திரத்தின் அசலைக் கேளுங்கள், பிறகு உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். அதன் பிறகு ஒரு லட்சம் திரும்பி வந்தது. மீதி இரண்டு லட்சத்துக்கு அவர் தவணை சொல்லிக்கொண்டே இருக்கிறார். இதற்கிடையில், ஈப்போவில் இருக்கும் என் நண்பருக்குச் சென்ற வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு நிலத்தின் படம் வந்திருக்கிறது. எங்களுக்குக் காட்டிய அதே நிலம்தான். மேல் எல்லையில் தனியாக ஒரு பேரிக்காய் மரம், கீழே சிறு ஓடை, ஓடைக்கு அப்பால் நீல நிறத் தகரக் கொட்டகை. அந்தப் படம் உங்களுக்கும் வந்தால், அந்த நிலத்துக்கு ஐந்து பங்காளிகள் இருக்கிறார்கள்.