டேஷ்கேமுக்கு போலரைசர்: இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு

ஒரு வேன் என் காரின் பக்கக் கண்ணாடியை உரசிவிட்டு நிற்காமல் போனது. பட்டப்பகல், சுள்ளென்ற வெயில். வீட்டுக்கு வந்து, முன்கண்ணாடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் டேஷ்கேம் கேமராவின் பதிவைத் திறந்தேன். வேன் இருந்தது, எண் பலகை இருக்க வேண்டிய இடத்தில், டேஷ்போர்டின்மேல் நான் போட்டு வைத்திருந்த வெள்ளைத் துண்டு ஆவிபோல மிதந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்த தங்கை, "அக்கா, இது முன்கண்ணாடியா, மீன்தொட்டியா?" என்றாள். மறுநாளே சிபிஎல் ஃபில்டர் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தேன்; கண்ணாடியில் விழும் இப்படிப்பட்ட பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டும் வட்டப் போலரைசர் அது.

பகலைப் பொறுத்தவரை அது சொன்ன வேலையைச் செய்தது. முன்பெல்லாம் ஏசி துவாரத்தின் கம்பிகளும் டேஷ்போர்டின் தையலும் சாலைமேல் படிந்தே தெரியும். இப்போது சாலை கறுப்பாக, கோடுகள் வெள்ளையாக, அததன் நிறத்தில் இருக்கின்றன. மழை விட்டதும் ஈரத்தார் பளபளப்பதும் குறைந்தது. எதிரே வரும் காரின் கண்ணாடிக்குள் ஓட்டுநரின் முகம் தெரிவதை நான் எதிர்பார்க்கவில்லை.

பள்ளிப் பாடத்தில் 'தளவிளைவு' என்று படித்ததுதான் இங்கே வேலை செய்கிறது. கண்ணாடியில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்கிறது. ஃபில்டரைச் சரியாகத் திருப்பினால் அந்தத் தளம் அடைபட்டுவிடும். 1808இல் மாலுஸ் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டது இது. எந்தக் கோணத்தில் இது முழுமையாக நடக்கும் என்பதற்கு 1815இல் புரூஸ்டர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் விதி வகுத்தார். கண்ணாடிக்கு அந்தக் கோணம் சுமார் 56 பாகை. இன்றைய கார்களின் முன்கண்ணாடி நன்றாகப் படுத்திருப்பதால் கேமராவின் பார்வை ஏறத்தாழ அதே கோணத்தில் விழுகிறது. நிமிர்ந்த கண்ணாடி என்றால் கதை வேறு. சித்தப்பாவின் பழைய வேனில் மாட்டிப் பார்த்தோம். "காசைக் கொண்டுபோய்க் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறாய்" என்றார். மறுத்துப் பேச எனக்கு வாயில்லை. என் காரிலும் படத்தின் நடுப்பகுதிதான் சுத்தம். அகலக்கோண லென்ஸ் என்பதால் இரு ஓரங்களிலும் பிம்பம் கொஞ்சம் எஞ்சி நிற்கிறது.

பொருத்துவதில் ஒரே சூட்சுமம், திருப்பும் கோணம். வெயிலில் வண்டியை நிறுத்தி, டேஷ்போர்டில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து, கைபேசியில் நேரலைப் படத்தைப் பார்த்துக்கொண்டே வளையத்தைத் திருப்ப வேண்டும். காகிதத்தின் பிம்பம் மங்கி மங்கி ஓரிடத்தில் காணாமல் போகும். அங்கிருந்து கால் வட்டம் திருப்பினால் முழு உருவத்தோடு திரும்பி வரும். காணாமல் போன இடத்தில் வளையத்துக்கும் கேமரா உடலுக்கும் குறுக்கே தங்கையின் நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தேன். அதுவும் உடனே செய்ததல்ல, பட்ட பிறகு. முதல் கோடையில் வண்டியின் அதிர்வில் வளையம் தானாக நகர்ந்து, வாரக்கணக்கில் பழைய ஆவியோடுதான் பதிவு ஓடியிருக்கிறது. அதே கோடையில் ஒட்டுப்பசையும் ஒருமுறை இளகி, ஃபில்டர் என் மடியில் விழுந்தது.

பின்கண்ணாடிக் கேமராவுக்கும் ஒன்று வாங்கியது என் பேராசை. பின்கண்ணாடி சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்துப் பதப்படுத்தப்பட்டது. அதில் உறைந்திருக்கும் அழுத்தம் போலரைசர் வழியே பார்த்தால் வரிசை வரிசையாகக் கரும்புள்ளிகளாகத் தெரியும். படம் சிறுத்தைத் தோல் போல ஆனது. அன்றே கழற்றிவிட்டேன்.

இனி இரவு. இதைத் தெரியாமல் வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். எதிர் வண்டியின் ஹெட்லைட் கூச்சம் குறையும் என்று நானும் நம்பினேன். குறையாது. நேராக வரும் விளக்கொளி ஒரு தளத்தில் அடங்கியதல்ல. எல்லா ஒளியோடும் சேர்ந்து அதுவும் மங்குகிறது, அவ்வளவுதான். வருகிற ஒளியில் பாதிக்கும் மேல் ஃபில்டர் விழுங்கிவிடுகிறது. பகலில் அது உறைக்காது. இரவிலோ கேமரா ஈடுகட்டுவதற்காக ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், நொடியில் முப்பதில் ஒரு பங்குக்குள் கார் அரை மீட்டருக்கு மேல் ஓடிவிடும். எதிரே வரும் எண் பலகை இழுபட்ட வெள்ளைப் பட்டையாகத்தான் பதிவாகிறது. போதாக்குறைக்கு, ஃபில்டரின் கண்ணாடிப் பரப்பு தன் பங்குக்கு ஹெட்லைட்டின் போலிப் பிம்பத்தை வேறு உண்டாக்குகிறது.

இரவுக் கூச்சத்துக்கு முன்கண்ணாடியின் உட்புறம் படியும் எண்ணெய்ப் படலமும் ஒரு காரணம். அதை நன்றாகத் துடைத்ததும் கிடைத்த தெளிவு ஃபில்டரால் கிடைக்கவில்லை.

ஓராண்டு கழித்துத்தான் டேஷ்போர்டின்மேல் பளபளப்பில்லாத கறுப்பு விரிப்பு போட்டேன். பிரதிபலிப்பின் பெரும்பகுதி அதோடு ஒழிந்தது. இரவில் ஒளியும் குறையவில்லை. முதலிலேயே இதைச் செய்திருந்தால் ஃபில்டர் பக்கம் போயிருப்பேனா என்பது சந்தேகம். இரவில் அதிகம் ஓட்டுபவர்களுக்கு விரிப்பு மட்டும் போதும் என்பேன். டேஷ்போர்டுக்கு பாலிஷ் போடுவதையும் நிறுத்திவிடுங்கள்.

ஆனாலும் நீண்ட பகல் பயணங்களில் இரண்டும் சேர்ந்து தரும் படத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அதனால் காந்த வளையத்தோடு வரும் ஃபில்டருக்கு மாறிவிட்டேன். பொழுது சாயும்போது வண்டியை ஓரங்கட்டி, கழற்றிப் பெட்டியில் போடுகிறேன். இதுவரை இரண்டு முறை மறந்திருக்கிறேன்.