லீஸ்டு லைனா, எஃப்டிடிஎச்சா, என்கேஎன்னா, கூட்டு டெண்டரா? கல்லூரி இணைய இணைப்பு பற்றி ஓர் அலசல்

ஏப்ரல், மே வந்துவிட்டால் கல்லூரி அலுவலகத்தில் கொட்டேஷன்கள் குவியும். ஒன்றில் 500 எம்பிபிஎஸ், இன்னொன்றில் 1 ஜிபிபிஎஸ். முதல்வர் இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "வேகம் அதிகம், விலை குறைவு, இதையே எடுத்துக்கொள்ளலாமே?" என்று கேட்பார். ஒரு சிறு நகரக் கல்லூரியின் நெட்வொர்க்கைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். வேகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும் என்பது என் அனுபவம். அந்தப் பாதையை நம்மோடு யார் பகிர்ந்துகொள்கிறார்கள்? அறுந்தால் யார் வந்து நிற்பார்கள்?

முதலில் தேவை எவ்வளவு என்று ஒரு தோராயக் கணக்கு போடலாம். 2,000 மாணவர்களில் கால்வாசிப் பேர் ஒரே நேரத்தில் இணையத்தில் இருந்து, ஆளுக்கு 2 எம்பிபிஎஸ் இழுத்தால் 1 ஜிபிபிஎஸ் ஆகிவிடும். பாட வீடியோ பார்க்க அது போதும். இதே கணக்கை 300 பேர் படிக்கும் கல்லூரிக்குப் போட்டால் 150 எம்பிபிஎஸ்தான் வரும். அங்கே ஜிகாபிட் லைன் வாங்கினால் பணம்தான் வீண்.

எஃப்டிடிஎச், அதாவது வீடுகளுக்குத் தரும் ஃபைபர் இணைப்பு, மலிவானது, வாரத்துக்குள் கிடைத்துவிடும். ஆனால் தெருவுக்கு வரும் ஒரே ஃபைபர் ஸ்ப்ளிட்டரில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் அத்தனை பேருக்கும் சேர்த்து இறங்குவது சுமார் 2.5 ஜிபிபிஎஸ், ஏறுவது அதில் பாதி. பகலில் தெருவாசிகள் வேலைக்குப் போய்விடுவதால் கல்லூரிக்கு நன்றாகவே ஓடும். இரவு எட்டு மணிக்கு ஹாஸ்டல் பையன்களும் தெருவில் உள்ள அத்தனை வீடுகளும் ஒரே குழாயில் வாய் வைப்பார்கள். அதோடு, நிலையான ஐபி முகவரியைத் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும். இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் நூலகத்தைப் பாதிக்கும். 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 13,000க்கு மேற்பட்ட ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. மத்திய அரசு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கிய திட்டம் அது. பதிப்பகங்கள் பொதுவாக ஐபி முகவரியைப் பார்த்துத்தான் கல்லூரியை அடையாளம் காண்கின்றன. முகவரி தினமும் மாறினால் ஆய்வு மாணவர் வாசலிலேயே நிற்க நேரும்.

லீஸ்டு லைன், அதாவது நமக்கென்றே குத்தகைக்கு எடுக்கும் தனி இணைப்பு, அப்படியில்லை. ஏறவும் இறங்கவும் ஒரே வேகம், வேறு யாரோடும் பங்கில்லை. விலை பல மடங்கு. அந்த விலையோடு வரும் எஸ்எல்ஏவை, அதாவது சேவைத் தர ஒப்பந்தத்தை, கையெழுத்துப் போடுமுன் வரி வரியாகப் படியுங்கள். 99.5 சதவீத நேரம் லைன் ஓடும் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது ஆண்டுக் கணக்கா, மாதக் கணக்கா என்று தேடிப் பாருங்கள். ஆண்டுக் கணக்கு என்றால் கிட்டத்தட்ட 44 மணி நேரம் லைன் படுத்திருக்கலாம். அந்த 44 மணி நேரமும் தேர்வு வாரத்தில் மொத்தமாக வந்தாலும் அபராதம் கேட்க வழியில்லை. மாதக் கணக்கு என்றால் மாதத்துக்கு மூன்றரை மணி நேரம்தான். டெண்டரில் ஒரே ஒரு சொல் மாறினால் இவ்வளவு வித்தியாசம்.

பாதுகாப்புக்கு இரண்டு கம்பெனியிடம் லைன் வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்போம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஒரு நாள் காலை இரண்டுமே ஒன்றாக விழுந்தன. ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டியில், சிக்னல் இல்லை என்று சொல்லும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாய் மினுக்கியது, பக்கத்தில் இருந்த இன்னொரு லைனின் மீடியா கன்வெர்ட்டரிலும் லிங்க் இல்லை. வெயில் ஏறுவதற்குள் கேபிள் போன வழியிலேயே நடந்தேன். கல்லூரி வாசலில் கிழக்கும் மேற்குமாகப் பிரிந்த இரண்டு ஒயர்களும் மெயின் ரோட்டு வளைவில் ஒரே ஈபி கம்பத்தில் சேர்ந்திருந்தன. அங்கே சாக்கடை வேலைக்கு வந்த ஜேசிபி கம்பத்தையே சாய்த்திருந்தது. அறுந்த ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு ஆள் வந்தது மாலை நான்கு மணிக்கு. அதற்குப் பிறகு எந்தக் கொட்டேஷனோடும் பாதை வரைபடம் கேட்கிறேன். தரத் தயங்குகிறவரிடம் இரண்டாவது லைன் வாங்குவதில்லை.

சரி, அரசு நெட்வொர்க்குகள் எப்படி? இந்தியாவில் இந்தச் சிந்தனை பழையது. 1986இல் ஐநா வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட் என்ற கல்வி, ஆய்வு நெட்வொர்க் தொடங்கியபோது சேர்ந்த ஒரு சில நிறுவனங்களில் சென்னை ஐஐடியும் ஒன்று. 2009இல் வந்த, தகவல் தொழில்நுட்பம் வழிக் கல்விக்கான தேசியத் திட்டம் கல்லூரிகளுக்கு 512 கேபிபிஎஸ் இணைப்புகளை இருபது வரை கொடுத்தது. கட்டணத்தில் கால் பங்கு கல்லூரியுடையது. இருபதையும் கூட்டினாலும் 10 எம்பிபிஎஸ்தான். ஆனாலும் அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிய வரம். 2010 மார்ச்சில் 5,990 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற தேசிய அறிவு வலையமைப்பு, அதாவது என்கேஎன், 1,500 நிறுவனங்களைக் குறிவைத்தது. நடத்துவது மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் (என்ஐசி).

என்கேஎன்னின் பலம் பலருக்கும் தெரிவதில்லை. உறுப்பு நிறுவனங்களுக்குள் போகும் தரவு பொது இணையத்துக்கு வெளியே வராமலே போய்ச் சேரும். ஐரோப்பாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் தரவு மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் கொல்கத்தா சைக்ளோட்ரான் மையத்துக்கும் வருவது இந்த வழியில்தான். ஆய்வுப் பல்கலைக்கழகத்துக்கு இதற்கு ஈடாக வணிக லைன் எதையும் சொல்லமாட்டேன். பிஏ, பிஎஸ்ஸி நடத்தும் கல்லூரியின் போக்குவரத்தில் பெரும்பகுதி யூடியூபும் வாட்ஸ்அப்பும் என்பதால் அங்கே இந்தப் பலம் பாதிக்குமேல் பயன்படாமலே கிடக்கும். பழுதானால் இன்னொரு சிக்கல். கடைசி மைல் ஃபைபர் ஒரு நிறுவனத்துடையது, மேலே உள்ள கருவி வேறொரு துறையுடையது, சுவிட்ச் நம்முடையது. மூன்று பேரும் அடுத்தவரைக் கைகாட்டினால் நாள் போய்விடும். சேர்கிறவர்கள் யாருக்கு முதல் போன் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாநில அளவில் கேரள அரசின் ஃபைபர் நெட்வொர்க்கான கேஃபோனைத்தான் நான் கவனித்துப் பார்க்கிறேன். 2023 ஜூனில் தொடங்கியது. மின்வாரியக் கம்பங்களையே பாதையாக்கி, 30,000 அரசு அலுவலகங்களை இலக்காக வைத்தார்கள். பள்ளி, மருத்துவமனை, அலுவலகம் எல்லாம் ஒரே கட்டமைப்பில் வருகின்றன. தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் திட்டம். கிராமப்புறக் கல்லூரிகளும் கிளை நூலகங்களும் தங்கள் ஊராட்சியில் அது எங்கே முடிகிறது என்று விசாரித்து வைப்பது நல்லது.

எனக்கு ஆசை அதிகம் உள்ளது கூட்டு ஏற்பாட்டில். பத்துக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு பெரிய குழாய் வாங்கினால் மலிவு என்பார்கள். பத்தும் காலை பத்து மணிக்கே உச்சத்துக்குப் போகும், நாலு மணிக்கு ஒன்றாகக் காலியாகும். பகிர்வதால் மிச்சமாவது கொஞ்சம்தான். அதே குழாயில் ஓர் அரசு மருத்துவமனை, மாலையில் நிரம்பும் மாவட்ட நூலகம், இரவில் விழித்திருக்கும் இரண்டு ஹாஸ்டல்கள் இருந்தால் ஒருவரின் ஓய்வு நேரம் இன்னொருவருக்கு உதவும். ஆகவே கூட்டாளிகளைத் தேடும்போது நம்மைப் போன்றவர்களோடு நின்றுவிடக் கூடாது. கலிஃபோர்னியாவில் 1997இல் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கிய செனிக் என்ற லாபநோக்கற்ற அமைப்பில் இன்று பள்ளிகளும் பொது நூலகங்களும்கூட இருக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு கல்லூரி லைன் வாங்கி அடுத்த வளாகத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு பிரித்துக் கொடுத்தால், அது இணையச் சேவை விற்பனை, அதற்கு உரிமம் வேண்டும். உரிமம் உள்ள ஒரு நிறுவனத்திடம் எல்லோரும் சேர்ந்து ஒரே டெண்டர் விடலாம், பில் அவரவர் பெயரில் வரலாம், குழாயைப் பகிர்ந்து நடத்துவது அந்த நிறுவனத்தின் வேலை. கையெழுத்திடும்போது பொதுவாக ஒரு நெட்வொர்க் பொறியாளரையும் சேர்ந்தே வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக எந்தச் சிறு கல்லூரியாலும் அப்படி ஒருவரை வைக்க முடியாது. நாலைந்து பேர் சேர்ந்தால் முடியும்.

எங்களைப் போல 2,000 பேர் உள்ள கல்லூரி என்றால் அந்த 1 ஜிபிபிஎஸ் தேவையை ஒரே லைனில் வாங்காமல் பிரிக்கிறேன். என் தேர்வு இது: நிலையான ஐபியோடு 300 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன் ஒன்று வகுப்புக்கும் அலுவலகத்துக்கும் நூலகத்துக்கும், வேறு பாதையில் வரும் இரண்டு எஃப்டிடிஎச் லைன்கள் ஹாஸ்டலுக்கு. தேர்வு நாளில் ஹாஸ்டல் லைனை அலுவலகத்துக்குத் திருப்பும் வசதியை ஃபயர்வாலில் முன்கூட்டியே செய்து, மாதம் ஒருமுறை லீஸ்டு லைனைக் கழற்றிப் போட்டுச் சோதித்துப் பார்க்கிறேன்.