ஸ்ட்ரோலரும் கேரியரும் ‘காம்போ’வில் வாங்கி ஏமாந்த கதை

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு ஸ்ட்ரோலர், அதாவது பிள்ளையை உட்கார வைத்துத் தள்ளிப்போகும் வண்டி, இருக்கிறது. பின்சக்கரத்துக்கு ஒரு செங்கல் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம். செங்கலை எடுத்தால் உருளும். பிரேக் போட்டாலும் உருளும்.

விலை 7,500 ரூபாய். கூடவே 4,000 ரூபாய்க்கு, பிள்ளையை உடம்போடு மாட்டித் தூக்கிப்போகும் ஒரு பேபி கேரியர். இரண்டையும் சேர்த்து எடுத்ததால் ‘காம்போ’ என்று ஆயிரம் ரூபாய் குறைத்து 10,500க்குக் கொடுத்தார்கள். மதுரையில் ஒரு கடை, பெயர் வேண்டாம். இதே மாதிரி கடை எல்லா ஊரிலும் இருக்கும்.

பையனுக்கு அப்போது ஐந்து மாதம். ஏழாம் மாதம் பழனியில் மொட்டை போடுவதாக வேண்டுதல். அதற்குள் சாயங்காலம் வெளியே கூட்டிப்போகவும் ஏதாவது வேண்டும் என்று கிளம்பினோம். எங்கெங்கே போகப்போகிறோம், அதற்குக் கேரியரா ஸ்ட்ரோலரா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்காமல் கடைக்காரரிடம் கேட்டோம். அவர் வேறு என்ன சொல்வார்? “ரோட்டுக்கு ஸ்ட்ரோலர், கோயிலுக்குக் கேரியர். ரெண்டுமே வேணும்க்கா, தனித்தனியா எடுத்தா உங்களுக்குத்தான் நஷ்டம்.” கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

பிள்ளையை அத்தையிடம் விட்டுவிட்டுப் போயிருந்தோம். அதனால் கேரியரில் ஒரு கரடி பொம்மையை உட்கார வைத்து மாட்டிக் காட்டினார். பொம்மைக்கு இடுப்பு மூட்டு கிடையாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பில் கேட்டதற்கு மேலே ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டு வந்தது. ஜிஎஸ்டி எண் இல்லை. “பில்லு போட்டா டாக்ஸ் சேர்ந்து வரும் சார், பாத்துக்கங்க” என்றார் என் வீட்டுக்காரரிடம். பணத்தை க்யூஆர் ஸ்கேன் செய்து அனுப்பினோம். திரையில் வந்தது கடைப் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். அங்கேயே திரும்பி வந்திருக்க வேண்டும்.

முதல் வாரமே வண்டியூர் தெப்பக்குளத்துக்கு ஸ்ட்ரோலரைக் கொண்டுபோனோம். மதுரையில் ஸ்ட்ரோலர் தள்ள வாகான இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மீனாட்சி கோயிலைச் சுற்றி வண்டி விடாத சித்திரை வீதிகள், தெப்பக்குளத்தைச் சுற்றிக் கொஞ்சம், அப்புறம் ஏதாவது ஒரு மால். மற்ற இடங்களில் நடைபாதை என்பது பைக் நிறுத்தும் இடம். அதற்கும் நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் நிற்கும்.

சுண்டல் வாங்க நின்றோம். என் வீட்டுக்காரர் பிரேக்கை மிதித்து, ‘டக்’ என்று சத்தம் கேட்ட பிறகுதான் கையை எடுத்தார். பார்த்தால் தெரியாத சரிவு. வண்டி பிள்ளையோடு மெல்லச் சாலைப் பக்கம் நகர்ந்தது. நாங்கள் பார்க்கும் முன்பே பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா காலை நீட்டிச் சக்கரத்தைத் தடுத்துவிட்டார். “பிள்ளைய வச்சுக்கிட்டு எங்கத்தா பராக்குப் பாக்குற?” என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

வீட்டுக்கு வந்து வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். பெடலை மிதித்தால் சக்கரத்தின் உள்பக்கம் இருக்கும் பற்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் முளை இறங்க வேண்டும். இடது சக்கரத்தில் முளை பல்லைத் தொடவே இல்லை. வலதில் நுனி மட்டும் பட்டு வழுக்கியது. சத்தம் பெடலில் இருந்து வந்ததே தவிர, சக்கரம் பூட்டவில்லை. பெல்ட்டும் இடுப்புக்கும் கால் நடுவுக்கும் மட்டும்தான்; தோளுக்குப் பட்டை இல்லை. தோளையும் சேர்த்துப் பிடிக்கிற ஐந்து முனை பெல்ட் என்று ஒன்று இருப்பதே பிறகுதான் தெரிந்தது. “கட்டில் மாதிரி சாயும்” என்ற முதுகுப் பலகை பாதிதான் சாய்ந்தது. கழுத்து நிற்காத குழந்தையை நட்டுவைத்த மாதிரி உட்கார வைக்கக் கூடாது, பிறந்ததில் இருந்து தள்ளுகிற வண்டி என்றால் தட்டையாகச் சாய வேண்டும்.

பிரேக்கை வீடியோ எடுத்து அன்று ராத்திரியே கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “திங்கக்கெழமை சர்வீஸ் பையன் வருவான்.” அப்புறம் “பார்ட்ஸ் டெல்லியிலேர்ந்து வரணும்க்கா.” அப்புறம் ஒரு கும்பிடு இமோஜி. இப்படியே ஏழு வாரம் ஓடிப்போனது. அவர்களுக்கு வேண்டியதும் அதுதான் என்பது பிற்பாடு விளங்கியது.

இதற்குள் பழனி வந்துவிட்டது. படியே 690க்கு மேல். ஸ்ட்ரோலருக்கு அங்கே வேலை இல்லை. மலைமேல் இழுத்துப்போகும் விஞ்சு ரயிலுக்கு வரிசையில் நிற்கும்போது கேரியரை மாட்டினேன். அத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். “ஏத்தா, இடுப்புல வச்சா பிள்ளை காலை அகட்டிக்கிட்டு உக்காரும். இதுல தோல்பாவை மாதிரி தொங்குதே?” தொங்கத்தான் செய்தது. இரண்டு காலுக்கும் நடுவே நான்கு விரல் அகலத் துணி, உடம்பு எடை முழுவதும் அதன்மேல். அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டான். தலை முன்னால் சரிந்து மோவாய் நெஞ்சில் முட்டியது. எடுத்துப் பார்த்தால் தொடை இடுக்கில் சிவப்பாக இரண்டு கோடு. மீதி நேரமெல்லாம் அத்தை இடுப்பில்தான் இருந்தான்.

தடுப்பூசிக்குப் போனபோது குழந்தைகள் டாக்டரிடம் காட்டினோம். கேரியரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அத்தை சொன்னதையே அவரும் சொன்னார். துணி ஒரு முழங்காலின் பின்மடிப்பில் இருந்து அடுத்ததுவரை தொடையைத் தாங்க வேண்டும். முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று மேலே, இங்கிலீஷ் ‘எம்’ எழுத்து மாதிரி இருக்க வேண்டும். முதல் சில மாதங்களில் இடுப்பு மூட்டு இன்னும் குருத்தெலும்புதான். கால் நேராகத் தொங்கினால் அது சரியாக அமையாமல் போகலாம். ஒருநாள் மாட்டியதால் ஒன்றும் ஆகாது என்றவர், மோவாய் விஷயத்துக்குத்தான் முகம் சுளித்தார். மோவாய் நெஞ்சில் அழுந்தினால் மூச்சு அடைபடும், அதுவும் சத்தமே இல்லாமல். பிள்ளை முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும், குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்கும் உயரத்தில் இருக்க வேண்டும் என்றார்.

அன்றைக்கு வீட்டில் கேரியர் பெட்டியைத் தேடி எடுத்தேன். ஒரு வெளிநாட்டு பிராண்டின் பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாற்றி அச்சிட்டிருந்தது. எம்ஆர்பி 4,999 என்று ஒரு ஸ்டிக்கர். மூலை கொஞ்சம் தூக்கியிருந்ததால் நகத்தால் உரித்தேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர்: 1,499. இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, மாதம், வருடம், புகாருக்கான எண் எதுவுமே இல்லை. பொட்டலப் பொருளில் இவை அச்சாகியிருக்க வேண்டும் என்பது சட்டம்.

கடைக்குப் போனோம். “விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது” என்ற போர்டைக் காட்டினார்கள். அந்த போர்டைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். குறையுள்ள பொருளை, பில்லில் போட்டிருக்கும் கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படியே. ஏழு வாரம் இழுத்தடித்தது எதற்கு என்று இப்போது புரிகிறதா? எங்களைக் காப்பாற்றியது முதல் வாரமே அனுப்பிய அந்த வாட்ஸ்அப் வீடியோவும் யுபிஐ ரசீதும்தான்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகார் பதிந்தேன். கடை பதில் தரவில்லை. அப்புறம் தேதிவாரியாக எல்லாவற்றையும் எழுதி, ஸ்டிக்கர் படத்தோடு ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பினோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை என்பதையும் அதில் குறிப்பிட்டோம். நான்காம் நாள் போன் வந்தது. கேரியரை வாங்கிக்கொண்டு 4,000 கொடுத்தார்கள். ஸ்ட்ரோலருக்கு “கம்பெனிதான் பொறுப்பு” என்று கைவிரித்துவிட்டார்கள். வழக்குப் போட இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இன்னும் போடவில்லை, போடுவேன்.

இப்போது வேறு கடையில் வாங்கிய கேரியர்தான் ஓடுகிறது. கடைக்குப் பையனையும் தூக்கிப்போய், அவனை மாட்டிக்கொண்டு கால்மணி நேரம் உள்ளேயே நடந்து, குனிந்து நிமிர்ந்து, முழங்கால் மடிப்பைத் தடவிப் பார்த்து, ஜிஎஸ்டி பில்லோடு வாங்கினோம். பஸ், கோயில், அம்மா வீட்டு மாடிப்படி எல்லாவற்றுக்கும் அது போதும். சித்திரை வெயிலில் இருவருக்கும் வியர்த்துக் கொட்டும், அதற்கு வழியில்லை. ஸ்ட்ரோலர் வேண்டும் என்று நினைப்பவர்கள் பிள்ளையை உட்கார வைக்கும் முன்பு அரிசி மூட்டையை வைத்து, கடை வாசல் சரிவில் நிறுத்தி, பிரேக்கை மிதித்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பழைய ஸ்ட்ரோலரை ஆன்லைனில் போட்டால் 3,000க்குப் போய்விடும் என்றான் தம்பி. போகும்தான். வாங்குகிறவர் அதில் பிள்ளையை உட்கார வைப்பாரே. பெல்ட்டைக் கத்தரித்துவிட்டேன். தெருமுனையில் இருந்து தண்ணீர் கேன் கொண்டுவர எடுத்துப்போகிறோம், செங்கலையும் அதிலேயே வைத்து.