புது வெர்ஷன்னு சொல்லி என் பழைய ஆம்பையே எனக்கு வித்துட்டாரு, ட்யூப் ஆம்ப் அப்கிரேட் பண்றவங்க பாத்துக்குங்க

கோயமுத்தூர்ல கையாலயே ட்யூப் (பழைய வால்வு) போட்ட ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் செஞ்சு விக்கிற ஒருத்தர் இப்ப "பழசைக் குடுங்க, மேல கொஞ்சம் காசு போடுங்க, புது வெர்ஷன் தர்றேன்"னு பழைய கஸ்டமருக்கெல்லாம் மெசேஜ் போட்டுட்டு இருக்காரு. புகார் குடுத்திருக்கறதால பேர் போடல. உங்களுக்கும் மெசேஜ் வந்திருந்தா இதைப் படிச்சுட்டு அப்புறம் காசு அனுப்புங்க.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளாதான், ஆனா நமக்கு எது வாங்கணும்னாலும் கோயமுத்தூர்தான். அவர்கிட்ட முன்னாடி வாங்குனது ஒரு 12ஏயூ7 ட்யூப், ரெண்டு 6என்6பி ட்யூப் போட்ட ஓடிஎல், அதாவது அவுட்புட் டிரான்ஸ்பார்மரே இல்லாதது. என்கிட்ட இருக்கறது சென்ஹைசர் எச்டி 650 ஹெட்போன், 300 ஓம், இந்த மாதிரி ஆம்புக்கு அதுதான் செட் ஆகும். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஆம்ப் அருமையா பாடுச்சு, அந்த நம்பிக்கையிலதான் போன் வந்ததும் சரின்னேன்.

"அண்ணா, இப்ப 6080ன்னு பெரிய ட்யூப் போட்டு பண்றேன், பவர் டிரான்ஸ்பார்மர் புதுசா பெருசா சுத்தச் சொல்லிருக்கேன், ட்யூபுக்குள்ள சூடு ஏத்தற ஹீட்டருக்கு தனி டிசி சப்ளை, வேற லெவல்ல இருக்கும்." பழைய ஆம்போட மேல 14,000 ஜிபேல போட்டேன். பில் கேட்டதுக்கு கையால செய்யறதுக்கு ஏதுங்ணா பில்லுன்னு சிரிச்சாரு. ஓணத்துக்குள்ள தர்றேன்னாரு, வைண்டிங்காரர் இழுக்கறாருன்னாரு, தேக்குப் பொட்டிக்கு பாலிஷ் காயலைன்னாரு, தீபாவளியும் போச்சு. கடைசியா வேலந்தாவளத்துல டீக்கடை முன்னாடி பைக்கை ஆஃப்கூட பண்ணாம பொட்டியைக் கையில குடுத்துட்டுக் கெளம்பிட்டாரு.

பொட்டி அழகுதான், இல்லைங்கல. ஹெட்போனை மாட்டுனா ம்ம்ம்னு ஒரே ஹம். வால்யூமை முழுசா கொறைச்சாலும் அதே அளவு, அப்ப போன்லயோ, டிஜிட்டல் பாட்டை ஆடியோவா மாத்தற டேக்லயோ (DAC) இருந்து வரல, ஆம்புக்குள்ளயே பிரச்சனை. அரை மணி நேரத்துல டிரான்ஸ்பார்மர் மூடில கை வைக்க முடியல. கேட்டா "பர்ன் இன் ஆகணும்ணா, நூறு மணி நேரம் ஓட்டுங்க"ங்கறாரு. ஓட்டி ஓட்டி ஹம் போன ஆம்பை யாராச்சும் பாத்திருக்கீங்களா?

சித்தூர்ல வால்வு ரேடியோ காலத்து மெக்கானிக் ஒரு பெரியவர் இருக்காரு, அவர்கிட்ட தூக்கிட்டுப் போனேன். அவர் கரண்ட்டே குடுக்கல, மீட்டரை கன்டின்யூட்டில வெச்சு ஒரு முனையை பிளக்கோட ஏர்த் பின்லயும் இன்னொண்ணை மேல் தகட்டு ஸ்க்ரூலயும் வெச்சாரு. பீப் வரல, அதாவது ஏர்த் தகடு வரைக்கும் வரவே இல்ல. அடியைக் கழட்டுனா பச்சை ஏர்த் வயரை வெட்டி மேல ஸ்லீவ் போட்டு சும்மா விட்டிருக்கு. "ஏங்கண்ணு, இதையா தலையில மாட்டிட்டு உக்காந்திருந்த?"ன்னாரு. உள்ள ட்யூபுக்குப் போற சப்ளையே 150 வோல்ட்டுக்கு மேல, மெயின்ஸ் 230, வெளிய இரும்புத் தகடு. எங்கயாவது ஒரு வயர் தோல் உரிஞ்சு தகட்டுல பட்டா, ஏர்த் இருந்தா ஃப்யூஸ் போகும், இல்லைன்னா அடுத்து தொடறவன் போவான்.

அப்புறம் ஆன் பண்ணி 6080 கால்ல ஹீட்டரைப் பாத்தாரு. 6.3 வரணும், 5.5 காட்டுச்சு, அதுவும் ஏசி. டிசி சப்ளைன்னு சொன்னதெல்லாம் கதை. அந்த ஒரு ட்யூப் ஹீட்டர் மட்டும் 2.5 ஆம்ப்பியர் இழுக்கும், பழைய 6என்6பி ஒண்ணு 0.75 தான், ரெண்டும் சேந்தாலும் ஒன்றரை. ட்யூபையெல்லாம் கழட்டிட்டு பாத்தா வோல்ட் ஏழு கிட்ட ஏறுது, அப்ப டிரான்ஸ்பார்மருக்கு தாங்கல, அதான் அந்தக் கொதி. அப்படியே ஆஃப் பண்ணி பிளக்கைப் புடுங்கிட்டு டீ குடிச்சுட்டு வந்து கெபாசிட்டரைப் பாத்தா இன்னும் நூறு வோல்ட்டுக்கு மேல நிக்குது, ஆஃப் பண்ணதும் அதை வடிய விடற பிளீடர் ரெசிஸ்டரே போடல. சில்லறைக் காசு பொருள்ங்க அது.

இதெல்லாம் கூட கைவேலை சரியில்லைன்னு விட்டுருப்பேன். போர்டைத் தூக்குனாரு பாருங்க, வால்யூம் திருகற கன்ட்ரோலோட (பாட்) நட்டுல செவப்பா நெயில் பாலிஷ். என் பழைய ஆம்புல அந்த நட்டு லூஸ் ஆகிட்டே இருந்துச்சுன்னு நான்தான் எங்க வீட்டம்மாகிட்ட வாங்கி ஒரு சொட்டு வெச்சிருந்தேன். போன்ல பழைய போட்டோவைத் தேடி எடுத்தா டிரான்ஸ்பார்மர் மேல மார்க்கர்ல எழுதுன நம்பரும் அதேதான். என் போர்டு, என் டிரான்ஸ்பார்மர், அது மேல 6080 சொருக ஒரு ஆக்டல் (எட்டுக் கால்) சாக்கெட்டை வயர்ல தொங்க விட்டு புதுப் பொட்டி, 14,000.

போட்டோவை அனுப்புனா "சீலை உடைச்சுட்டீங்க, வாரண்டி கெடையாது"ன்னு வந்துச்சு. சீல்னு ஒண்ணு இருந்தாத்தானே. அதோட பிளாக்.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல பதிஞ்சாச்சு. விக்கறவர் வேற ஸ்டேட்ல இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்குனவங்க இருக்கற ஜில்லாவுலயே நுகர்வோர் கமிஷன்ல கேஸ் போடலாம், அதனால பாலக்காட்டுல போடறேன். ஜிபே, சாட், ரெண்டு போட்டோவும் இருக்கு. ஆம்பைத் தொடாம அப்படியே வெச்சிருக்கச் சொல்லிட்டாரு பெரியவர்.

பழசை இன்னும் குடுக்காதவங்க அடியைக் கழட்டி உள்ள நல்லா போட்டோ எடுத்துக்குங்க, டிரான்ஸ்பார்மர் நம்பர் தெரியற மாதிரி. ஏற்கனவே புதுசு வாங்குனவங்க பிளக்கைப் புடுங்கி வெச்சுட்டு ஏர்த் பின்னுக்கும் தகட்டுக்கும் பீப் வருதான்னு பாருங்க, உள்ள மட்டும் நீங்களா கை வைக்காதீங்க. வரலைன்னா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேந்தே புகார் குடுக்கலாம்.