மணியின் வயிறு சரியாகிவிட்டது, அந்தப் பையின் ஜிப்தான் சரியாகவில்லை

"எங்க நாய்க்கு எதைப் போட்டாலும் பேதியாகுது, உங்க மணிக்கு என்ன ஃபுட் போடுறீங்க?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வரியில் பதில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்த உணவின் மேல் எனக்கு அவ்வளவு நன்றி இருக்கிறது, அதே அளவு கடுப்பும் இருக்கிறது. பிராண்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மணிக்கு ஒத்துக்கொண்டது இன்னொரு நாய்க்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் போகப் போகத் தெரியும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது ஹைட்ரலைஸ்டு புரதம் உள்ள டிரை ஃபுட். அதாவது, புரதத்தை முன்கூட்டியே மிகச் சிறிய துணுக்குகளாக உடைத்துவிடுகிறார்கள். துணுக்கு அவ்வளவு சிறிதாக இருப்பதால், உடம்பின் எதிர்ப்பு மண்டலம் பெரும்பாலும் அதை அடையாளம் கண்டு சண்டைக்கு வருவதில்லை. எல்லா நாய்க்கும் இது பலிக்காது, சில நாய்கள் இதற்கும் முறைத்துக்கொள்ளும். நாயின் மலத்தை 1 முதல் 7 வரை தரம் பிரிக்கும் படம் ஒன்றை டாக்டர் காட்டினார். 7 என்றால் வெறும் தண்ணீர். 2 என்றால் கெட்டியாக, எடுத்தால் தரையில் ஒட்டாமல் வரவேண்டும். மணி மாதக்கணக்கில் 5-க்கும் 6-க்கும் நடுவில் அல்லாடிக்கொண்டிருந்தான். இப்போது 2-ல் நிற்கிறான். காலையில் பையும் கையுமாகக் குனிகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும், மற்றவர்களுக்கு விளக்கிப் புரியவைக்க முடியாது.

உணவை மாற்றுவதற்கு முன்னால் டாக்டர் மலப் பரிசோதனை செய்யச் சொன்னார். குடற்புழுவோ ஜியார்டியா என்கிற குடல் ஒட்டுண்ணியோ இருந்தால் எந்த ஃபுட்டை மாற்றியும் பிரயோஜனம் இல்லை. நண்பருக்கும் அதைத்தான் முதலில் சொன்னேன். மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, எடை குறைவது, சோர்ந்து படுப்பது, இதில் எது இருந்தாலும் ஃபுட் ஆராய்ச்சியைத் தள்ளி வைத்துவிட்டு நேரே டாக்டரிடம் போகவேண்டும். கணையத்தில் கோளாறு என்றால் கொழுப்புக் குறைந்த உணவு தேவைப்படலாம், அது வேறு கதை.

பழைய ஃபுட்டிலிருந்து ஒரேயடியாக மாறக்கூடாது. முதலில் கால் பங்கு, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால் என்று 7 முதல் 10 நாளுக்குள் மாறுவது வழக்கம். மாறிய பிறகு, புது ஃபுட் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கும் சோதனை முடியும்வரை வேறு எதுவும் வாயில் படக்கூடாது. வயிற்றுக் கோளாறு என்றால் பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்துக்குள் வித்தியாசம் தெரிந்துவிடும். அரிப்பு, தோல் பிரச்சினை என்றால் 8 வாரமாவது பொறுக்கவேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மென்று தின்கிற உண்ணி மாத்திரை, பூச்சி மாத்திரை பலவற்றில் நாய் விரும்பித் தின்ன இறைச்சிச் சுவை சேர்த்திருப்பார்கள். சோதனை நடக்கும்போது சுவை சேர்க்காத மாத்திரையாகக் கேட்டு வாங்கவேண்டும். பிஸ்கட் நீட்டுகிற பக்கத்து வீட்டுக்காரருக்கு மாத்திரை கிடையாது, கையெடுத்துக் கும்பிடத்தான் வேண்டும்.

பையின் முன்பக்கத்தில் 'சென்சிட்டிவ்' என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். ஆட்டுப் படம் பெரிதாகப் போட்ட பையைத் திருப்பிப் பார்த்தால், மூன்றாவதோ நான்காவதோ சேர்மானமாகக் கோழி இறைச்சிப் பொடி உட்கார்ந்திருக்கும். நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை என்று சொல்லப்படும் மாடு, பால், கோழி, கோதுமை நான்கில் அதுவும் ஒன்று. மணிக்கு முன்பு வாங்கிய பை ஒன்று இந்த ரகம்தான்.

சரி, இப்போது ஜிப்.

உலர்ந்த ஃபுட்டில் இருக்கும் கொழுப்பு காற்றுப் பட்டால் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். பையில் இருக்கும் தேதி பிரிக்காத பைக்குத்தான், பிரித்துவிட்டால் ஆறு வாரத்துக்குள் தீர்ப்பது நல்லது என்பார்கள். டப்பாவில் கொட்டி வைக்கலாம்தான், ஆனால் டப்பாவின் சுவரில் படியும் பழைய எண்ணெய்ப் பிசுக்கு புது ஃபுட்டையும் கெடுக்கும். ஏதாவது பிரச்சினை வந்தால் தேவைப்படும் பேட்ச் எண்ணும் பையோடு போய்விடும். ஆகவே பையிலேயே வைத்து, காற்றை வெளியேற்றி, இறுக்கி மூடவேண்டும்.

மூடினால்தானே! இந்த ஃபுட்டின் துண்டுகள் எளிதில் நொறுங்கும். அந்தத் தூள் ஜிப்பின் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். விரலால் அழுத்திக்கொண்டே போனால் இடது ஓரத்தில் 'டக்' என்று பூட்டும், நடுவுக்கு வருவதற்குள் அந்த ஓரம் வாய் பிளந்துவிடும். பழைய டூத்பிரஷால் பள்ளத்தைத் துடைக்கிறேன். இரண்டு நாள் தாங்கும். அப்புறம் ஜிப்பின் பட்டையே பையிலிருந்து உரிந்து வந்துவிடும். புரதத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உடைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டையை ஒட்டத் தெரியவில்லை. நிறுவனத்துக்குப் படத்தோடு எழுதினேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று பதிலும், அதே பையை இன்னொன்று வாங்கத் தள்ளுபடிக் கூப்பனும் வந்தன. கூப்பனைப் பயன்படுத்தினேன். அந்தப் பையின் ஜிப்பும் உரிந்தது.

இப்போது துணி காயப்போடும் கிளிப் நான்கு பையின் கழுத்தில் நிரந்தரமாக இருக்கின்றன. கிளிப் சத்தம் கேட்டால் மணி எங்கிருந்தாலும் ஓடி வருகிறான், அது வேறு.

வாங்கலாமா? மணிக்கு வேறு ஃபுட் வாங்கும் எண்ணமே எனக்கு இல்லை. ஆனாலும் 5-க்கு 2 மதிப்பெண்தான் கொடுப்பேன், நேற்றுதான் புதுப் பை பிரித்தேன் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் இதே வகையை எழுதிக் கொடுத்தால் சின்னப் பையாக வாங்குங்கள் என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். அதில் ஜிப்பே கிடையாது.